எச்சரிக்கை: மூன்று நாள் ட்யூனிங்குக்குப் பணம் கொடுத்தேன், லாக்கில் இருந்தது 47 நிமிடம்

சொந்தமாக விமானம் கட்டி அதில் மாஸ்டா ரோட்டரி எஞ்சின் பொருத்தியவர்களும், பொருத்தப் போகிறவர்களும் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். "கார் எஞ்சின்தானே சார், நூறு வண்டிக்கு மேப் போட்டிருக்கேன், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று ஒரு ட்யூனர் என்னிடம் வந்தார். எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள் விட வேண்டும் என்று எஞ்சின் கணினிக்குச் சொல்கிற அட்டவணைதான் மேப், அதைச் சரிசெய்கிறவர்தான் ட்யூனர். அவர் செய்துவிட்டுப் போன வேலை, 4,000 அடி உயரத்தில் எஞ்சின் அணைந்த விமானத்தில் என்னை உட்கார வைத்தது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத மாஸ்டா 13பி எஞ்சின். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவில் இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றும் 654 சிசி. 1308 சிசி என்றால் சின்ன எஞ்சின் போலத் தோன்றும். ஆனால் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு ரோட்டாரிலும் தலா ஒரு முறை எரியும். அதனால் காற்று, எரிபொருள் கணக்கில் இது 2.6 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சமம். 2.17-க்கு 1 என்று குறைக்கும் கியர்பாக்ஸ், பிச் (இறக்கையின் சாய்வு) மாறாத ப்ரொப்பெல்லர். ரிவெட், ஒயரிங், எரிபொருள் குழாய் எல்லாம் நானே செய்தேன். இன்ஜெக்ஷன் மேப்பில் கை வைக்க மட்டும் பயம். ரோட்டரியில் கலவை வறண்டு (எரிபொருள் குறைந்து) டெட்டனேஷன் (கட்டுமீறிய வெடிப்பு) வந்தால் ரோட்டாரின் முனையில் இருக்கிற அபெக்ஸ் சீல் உடையும், உடைந்த துண்டு ஹவுசிங்கையே கீறிவிடும் என்று படித்திருந்தேன். அந்தப் பயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று தேடினேன்.

முதல் நாளே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கம்ப்ரெஷன் பார்க்கிறேன் என்று சாதாரண கேஜை ஸ்பார்க் ப்ளக் துளையில் மாட்டி, ரோட்டாருக்கு ஒன்று என்று இரண்டு எண்களை எழுதிக் கொடுத்தார். ஒரு ரோட்டாருக்கு மூன்று முகங்கள். 13பி-க்கு ஆறு எண்கள் வர வேண்டும். சாதாரண கேஜ் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகத்தின் சீல் செத்துக் கிடந்தாலும் அதில் தெரியாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், பெரிய ஆள் ஏதாவது காரணத்தோடுதான் செய்வார் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த இரண்டு நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். மாலையில் வரும்போது, நாள் முழுக்க ஓட்டியதாகச் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு அறிக்கை கொடுத்தார். "ஐட்ல் முதல் முழு த்ராட்டில் வரை ட்யூன் செய்யப்பட்டது" என்று இருந்தது. ஈசியூவுக்கு, அதாவது எஞ்சின் கணினிக்கு, பாஸ்வேர்ட் போட்டிருந்தார். கேட்டதற்கு அது அவருடைய தொழில் ரகசியம் என்றார். சரி என்று பேசியதில் பாதிப் பணத்தைக் கொடுத்தேன்.

தரையில் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. முதல் இரண்டு பறப்பிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது கொஞ்சம் பவர் வைத்தே இறங்கினேன், அதனால் தப்பித்தேன். மூன்றாவது பறப்பில் கிளைடு வேகம் அளக்க வேண்டியிருந்தது. ஓடுதளத்துக்கு நேர் மேலே 4,000 அடி போய், த்ராட்டிலை முழுவதும் மூடினேன். ஒரு நொடி கழித்து சத்தம் நின்றது. ப்ரொப்பெல்லர் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது, மீட்டரில் எஞ்சின் ஆர்பிஎம் 2,900 காட்டியது. ஆனால் வெளியேற்றக் குழாயின் வெப்பம் விறுவிறுவென்று இறங்கி 400 டிகிரிக்கும் கீழே போனது. ரோட்டரியில் ஓட்டத்தின்போது 900 டிகிரியை ஒட்டி நிற்கிற முள் அது. எரியவே இல்லை என்று அர்த்தம். த்ராட்டிலைத் திறந்தேன். இருமியது, நின்றது, மறுபடி இருமியது. மூன்று நொடி இருக்கலாம். பிறகு பிடித்துக்கொண்டது. ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்து இறங்கினேன். இதே விஷயம் 300 அடியில், த்ராட்டிலை மூடி இறங்கிக்கொண்டிருந்து, திரும்ப மேலேற வேண்டிய நேரத்தில் நடந்திருந்தால்? அந்த மூன்று நொடி என்னிடம் இருந்திருக்காது.

அவருக்கு போன் செய்தேன். "பெட்ரோல்ல தண்ணி இருந்திருக்கும் சார், டேங்கைப் பாருங்க" என்றார். பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாஸ்வேர்ட் கேட்டால் மீதிப் பணம் கேட்டார். இரண்டு வாரம் இழுத்தடித்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்துத்தான் என் சொந்த எஞ்சினின் மேப்பை நான் பார்க்க முடிந்தது.

முதலில் லாக்கை, அதாவது எஞ்சின் ஓடியதை ஈசியூ பதிந்து வைத்திருந்த பதிவை, திறந்தேன். மூன்று நாளில் எஞ்சின் ஓடிய மொத்த நேரம் 47 நிமிடம். எட்டிய அதிகபட்ச ஆர்பிஎம் 4,350. மேனிஃபோல்ட் அழுத்தம் (இன்டேக் குழாயில் காற்றின் அழுத்தம்) 82 கிலோபாஸ்கலைத் தாண்டவே இல்லை. என் எஞ்சின் தரையில் முழு த்ராட்டிலில் 5,200 வரை போகும், அழுத்தம் 97-ஐத் தொடும். அதாவது "முழு த்ராட்டில் வரை" என்று எழுதிக் கொடுத்தவர் முழு த்ராட்டிலைத் தொடவே இல்லை.

அடுத்து எரிபொருள் அட்டவணை. 16 வரிசை, 16 பத்தி. அழுத்த வரிசைகள் 20 கிலோபாஸ்கலில் தொடங்கி 15 15-ஆக ஏறி 245-ல் முடிந்தன. இதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. டர்போ இல்லாத எஞ்சினில் மேனிஃபோல்ட் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டாது, கடல் மட்டத்தில் 101. நூறுக்கு மேலே இருந்த பத்து வரிசைகளுக்கும் என் எஞ்சின் வாழ்நாளில் போகாது. பயன்படுகிற பகுதிக்கு மிஞ்சியது ஆறே வரிசை. அது ஏதோ ஒரு டர்போ காரின் மேப். அப்படியே தூக்கிப் போட்டு, ஐட்லைச் சுற்றி நாலைந்து கட்டங்களை மட்டும் மாற்றியிருந்தார். நான் டேக்ஆஃப் செய்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய காரின் எண்களில்தான் பறந்திருக்கிறேன். டர்போ மேப் மேல்பகுதியில் எரிபொருளைத் தாராளமாக ஊற்றும். சீல் பிழைத்தது அதனால்தான்.

மேலே எஞ்சின் ஏன் அணைந்தது என்பதும் அங்கேயே கிடைத்தது. காரில் த்ராட்டிலை மூடிவிட்டு இறக்கத்தில் உருளும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஈசியூ இன்ஜெக்டரை முழுவதுமாக நிறுத்திவிடும். ஓவர்ரன் கட் என்பார்கள். காருக்கு நல்ல ஏற்பாடு. என் ஈசியூவில் அது 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், ஒரு நொடி தாமதத்தோடு, அப்படியே ஆன் ஆகி இருந்தது. தரையில் இது தலைகாட்டவே செய்யாது. அங்கே த்ராட்டிலை மூடினால் ப்ரொப்பெல்லரே பிரேக் மாதிரி இழுத்து, ஒரு நொடிக்குள் ஆர்பிஎம்மை 2,000-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். வானத்தில் நிலைமை தலைகீழ். எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றிவிடுவதால் ஆர்பிஎம் இறங்காது, ஈசியூ தன்னை இறக்கத்தில் போகிற கார் என்று நினைத்துக்கொண்டு எரிபொருளை நிறுத்தி வைத்திருக்கும். அரை நிமிடம் அப்படி ஓடினால் இன்டேக் குழாயின் சுவர் காய்ந்துவிடும். திரும்பத் திறக்கும்போது முதலில் வருகிற எரிபொருள் சுவரை நனைக்கவே போய்விடுகிறது. அந்த இருமல் அதுதான்.

தரையில் மட்டும் ட்யூன் செய்த மேப்பை நம்பிப் பறக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பிச் மாறாத ப்ரொப்பெல்லரோடு தரையில் நிற்கிற எஞ்சின், அட்டவணையில் ஒரே ஒரு கோட்டின் மேல்தான் ஓடும். 3,000 ஆர்பிஎம்மில் 30 கிலோபாஸ்கல் என்ற கட்டத்தைத் தரையில் எட்டவே முடியாது. இறங்கும்போது விமானம் நேராக அங்கேதான் போய் உட்காரும்.

இன்ஜெக்டரின் டெட் டைமும் பார்க்கப்படவில்லை. கரண்ட் கொடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. 14 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிநொடி வீணாகும், வோல்ட் குறையக் குறைய இந்த வீண் நேரம் கூடும். என் அட்டவணையில் 8 வோல்ட்டிலிருந்து 16 வரை எல்லாக் கட்டத்திலும் 1.0 என்று ஒரே எண். ஆல்டர்னேட்டர் செத்து பேட்டரியில் ஓட நேர்ந்தால், எஞ்சின் மிகவும் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான் கலவை வறளும்.

வெளியேறும் புகையில் ஆக்சிஜனை அளந்து கலவையைக் காட்டுகிற லாம்டா சென்சார் விஷயத்தை நான் மூக்கால் கண்டுபிடித்தேன். ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. ஆயில் மட்டம், நான் ஊற்றியதைவிட விரல் அகலம் ஏறியிருந்தது. சென்சாரை அவர் வெளியேற்றக் குழாயின் வாயருகே மாட்டியிருந்தார். ஐட்லில் அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்து, கலவை வறட்சி என்று காட்டும். அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் எரியாமல் தப்புகிற சுற்றுகள் அதிகமாகும், எரியாத காற்றில் இன்னும் ஆக்சிஜன் மிஞ்சும், சென்சார் இன்னும் வறட்சி என்று சொல்லும். அவர் மாற்றிய அந்த நாலைந்து கட்டங்களும் இப்படித்தான் தவறாகப் போயிருந்தன. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நாலு ப்ளக்கும் கரிப் பஞ்சு மாதிரி இருந்தன. ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஈயம் இந்த சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும், செத்த சென்சாரும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் நானே செய்தேன். ஆயிலை மாற்றினேன். ரோட்டரிக்கென்று உள்ள கருவியில் கம்ப்ரெஷன் பார்த்து ஆறு எண்களும் வாங்கினேன், நல்லவேளை, ஆறும் நெருக்கமாகவே இருந்தன. இன்ஜெக்டர்களை பெஞ்சில் வைத்து அளந்து டெட் டைமை வோல்ட்வாரியாக எழுதினேன். ஓவர்ரன் கட்டை அணைத்தேன். காருக்கென்று இருந்த மற்ற கட்களையும், வெப்பம் கூடினால் பவரைக் குறைப்பது உட்பட, ஒவ்வொன்றாகப் பார்த்து அணைத்தேன். எஞ்சின் கெட்டாலும் பரவாயில்லை, இறங்கும் வரை ஓட வேண்டும். அழுத்த வரிசைகளை 20-லிருந்து 105-க்குள் அடக்கினேன். சென்சாரைக் குழாயில் உள்ளே தள்ளி மாட்டினேன். அப்புறம் ஓடுதளத்துக்கு மேலேயே, நான் ஓட்ட, நண்பர் மடிக்கணினியில் லாக் எடுக்க, இறங்கி வந்து இரண்டு மூன்று சதவீதம் மட்டும் மாற்றி, மறுபடி மேலே போய் என்று பதினொரு பறப்பு. எஞ்சின் ஓடிய நேரம் மட்டும் ஒன்பது மணிக்கு மேல். கலவையைக் கையால் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகியும் பேனலில் வைத்துவிட்டேன்.

யாரையாவது அமர்த்தத்தான் வேண்டும் என்றால், பணம் பேசும் முன்பே பாஸ்வேர்டும் முழு லாக்கும் உங்கள் கைக்கு வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். த்ராட்டிலை மூடி இறங்கும்போது எஞ்சின் எந்தக் கட்டத்தில் ஓடும் என்று அவரிடம் கேளுங்கள். பதில் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கும். வேலை நடக்கும் நாட்களில் லீவு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். நான் இருந்திருந்தால் 47 நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இலவசமாக வந்து இன்னொரு முறை பார்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. அவர் போட்ட மேப்பையும் அந்த 47 நிமிட லாக்கையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் ஈசியூவிலும் இதே வரிசைகள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன். அதுவரைக்கும் விமானத்தை எடுக்காதீர்கள்.