வார்டில் பண்டிகை டியூட்டிக்குப் புள்ளிக் கணக்கு: மூன்று வருட அனுபவம்

திருகோணமலையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நேர்ஸாக இருக்கிறேன். 2023 ஜனவரியில் இருந்து எங்கள் வார்டில் பண்டிகை நாள் டியூட்டியைப் புள்ளி போட்டுப் பிரிக்கிறோம். வருகிற ஜனவரியோடு மூன்று வருடம். மற்ற வார்டுகளில் இருப்பவர்கள் "அது உண்மையிலேயே சரிவருதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முன்பெல்லாம் ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, பென்சிலால்தான் வரும். யார் போய் முதலில் கதைக்கிறாரோ அவருக்கு லீவு, கதைக்கக் கூச்சப்படுகிறவருக்கு டியூட்டி. கல்யாணம் கட்டாதவர் என்றால் கேட்கவே தேவையில்லை, "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நான் அப்படி ஐந்து தீபாவளி தொடர்ந்து வார்டில் நின்றிருக்கிறேன். எனக்கும் வீட்டில் அம்மா இருந்தார், அவருக்கும் அது பண்டிகைதான், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஐந்து வருடக் கோபம்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது. வார்டுக்குப் பொறுப்பாகப் புதிதாக வந்த வார்ட் சிஸ்டரிடம் போய், எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு கூகுள் ஷீட் போடுவோமா என்று கேட்டேன். ஒரு வருடம் பார்ப்போம் என்றார்.

ஏற்பாடு சின்னதுதான். தன்னுடைய பண்டிகை அன்று டியூட்டி செய்தால் 3 புள்ளி, மற்றவர்களுடைய பண்டிகை என்றால் 1. அடுத்த பண்டிகைக்கு ஆள் தேடும்போது புள்ளி குறைந்தவர் முதலில் வர வேண்டும். சிஸ்டர் ரோஸ்டரை இறுதியாக்க முன்னர் ஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் போடுவார். பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு முதல் வருடம் 1 புள்ளி கொடுத்தோம், அது பிழை. வருடத்தில் 12 போயா வருகிறது, 2023ல் 13 வந்தது, அன்றைக்கு வேலை செய்தால் பி.எச். (பொது விடுமுறை) கொடுப்பனவும் உண்டு. வீடு கட்டுகிறவர்களும் கடன் கட்டுகிறவர்களும் அந்த டியூட்டியைக் கேட்டே வாங்குவார்கள். காசும் கொடுத்துப் புள்ளியும் கொடுத்தால், போயா போயாவாக நின்றவர் புள்ளி சேர்த்துவிட்டு ஏப்ரல் புத்தாண்டில் தப்பிவிடுகிறார். 2024ல் போயாவுக்குப் புள்ளியை எடுத்துவிட்டு, அதைத் தனியாக முறை வைத்துக் கொடுக்கிறோம். வெசாக் மட்டும் சிங்களச் சகோதரிகளுக்கு 3ஆகவே வைத்தோம், அது அவர்களுக்கு வீட்டுக்குப் போகிற நாள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. நாங்கள் 17 பேர்: இந்துக்கள் 8, முஸ்லிம்கள் 5, சிங்கள பௌத்தர்கள் 3, கிறிஸ்தவர் ஒருவர். ஒரு நாளை ஓட்டக் காலைக்கு 4, மாலைக்கு 3, நைட்டுக்கு 2 என்று 9 பேர் வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு ஐந்து பேரையும் விட்டுவிட்டு மீதி 12 பேரில் தாராளமாகச் சமாளிக்கலாம். கிறிஸ்மஸுக்குப் பிரச்சினையே இல்லை. பொங்கலுக்கு மீதி இருப்பது சரியாக 9 பேர், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முடிந்தது. சித்திரைப் புத்தாண்டுதான் உண்மையான சோதனை, ஏனென்றால் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாள். 11 பேர் லீவு கேட்பார்கள், மிச்சம் 6 பேர், வேண்டியது 9. என்ன செய்தாலும் மூன்று பேர் வந்தே ஆக வேண்டும். அந்த மூன்று பேர் யார் என்பதில்தான் இந்த முறையின் பெறுமதி இருக்கிறது.

2024ல் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. பெருநாளுக்கு நாங்கள் நின்றோம், புத்தாண்டு நாளான ஏப்ரல் 13 சனிக்கிழமை ஐந்து முஸ்லிம் பிள்ளைகளும் நின்றார்கள், கிறிஸ்தவ அக்கா நைட் எடுத்தார். அப்படியும் மூன்று பேர் எங்களில் இருந்து போக வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம்: வரத்தான் வேண்டும் என்றால், எந்த ஷிப்ட் என்பதை அவர்களே முதலில் தெரிவு செய்யலாம். புத்தாண்டு பிறக்கிற நேரத்தை ஒட்டிய விஷு புண்ணியகாலம் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நேரத்துக்கு வரும், வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் நேரம் வேறுபடும், எங்கள் வார்டில் இரண்டையும் பார்க்கிற வீடுகள் உண்டு. மூலிகை காய்ச்சிய மருத்துநீர் தலையில் வைத்து முழுகி, பெரியவர்களிடம் கைவிசேஷக் காசு வாங்கிவிட்டு ஒரு மணிக்கு மாலை டியூட்டிக்கு வருகிறவருக்கும், முழுகாமல் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கிறவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சிங்களத் தங்கச்சிமாருக்கும் அடுப்பு மூட்டுகிற சுபநேரம் அப்படித்தான். இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகு ஏப்ரலில் முணுமுணுப்புச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

பிறை விஷயம் தனி. நோன்புப் பெருநாள் எந்த நாள் என்று முதல் நாள் இரவுதான் உறுதியாகும், ரோஸ்டரோ மாதத்துக்கு முன்பே போட வேண்டும். இப்போது ஷீட்டில் இரண்டு நிரல் வைத்திருக்கிறோம், "பிறை தெரிந்தால்", "தெரியாவிட்டால்" என்று. இரண்டு நாளுக்கும் ஆயத்தமாக நிற்கிறவர்களுக்கு, டியூட்டி விழாவிட்டாலும் 1 புள்ளி, ஏனென்றால் அந்த இரண்டு நாளும் அவர்கள் எங்கேயும் போக முடியாது. 2025 மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை மாலை, என்னோடு நின்றவள் கிண்ணியா ஊரைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் வைத்து நோன்பு திறந்துவிட்டு, டிரொலியில் இருந்த மருந்துகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். கைபேசி சார்ட்டுகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நாளைக்குத்தான்" என்றாள். முன்பு என்றால் அந்த நேரத்தில்தான் ஆளுக்கு ஆள் போன் எடுத்துக் கெஞ்சத் தொடங்குவாள். இந்த முறை டிரொலியைப் பூட்டி, சாவியைத் தந்துவிட்டுப் போனாள். எனக்கு அது போதும், இந்த ஷீட்டுக்குச் செலவழித்த இரவுகளுக்கு.

பிழைவிட்ட இடங்களையும் சொல்ல வேண்டும். பெரிய பிழை என்னுடையதே. 2023 தீபாவளி நவம்பர் 12. எனக்கு 11ஆம் திகதி நைட், 12 அன்று "ஓஃப்". ஷீட்டில் பார்த்தால் எனக்குத் தீபாவளி லீவு, புள்ளி பூச்சியம். காலை ஏழு மணிக்கு ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது தெருவில் எல்லாரும் எண்ணெய் வைத்து முழுகிப் புதுச்சட்டையோடு கோயிலுக்குப் போகிறார்கள். அம்மா கிண்ணத்தில் நல்லெண்ணெயை மூடி வைத்திருந்தார், காய்ச்சியது ஆறிப்போய்விட்டது. தலையில் வைத்துவிடச் சொல்லிக் கதிரையில் இருந்தவள் அப்படியே நித்திரையாகிவிட்டேன், எழும்பும்போது பின்நேரம் மூன்று மணி. அந்த விதியை எழுதியவளே நான்தான். பண்டிகைக்கு முதல் நாள் நைட்டுக்கும் இப்போது முழு 3 புள்ளி. யாராவது இப்படி ஒரு கணக்குத் தொடங்குவதாக இருந்தால், தயவுசெய்து முதல் நாளே இதைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, இடமாற்றத்தில் வருகிறவர்கள். 2024 தொடக்கத்தில் வேறு மாவட்டத்தில் இருந்து ஒருவர் வந்தார். ஷீட்டில் அவருக்குப் பூச்சியம், அதனால் பொங்கல், சிவராத்திரி, புத்தாண்டு மூன்றும் அவர் தலையில் விழுந்தது. புதுசு என்பதால் வாயே திறக்கவில்லை, மே மாதம் கணக்குப் பார்க்கும்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. எல்லாரும் இருந்து மன்னிப்புக் கேட்டோம். இப்போது புதிதாக வருகிறவர் வார்டின் சராசரிப் புள்ளியோடு தொடங்குகிறார்.

மதத்தை வைத்துப் பண்டிகை பிரிப்பதையும் 2025ல் விட்டுவிட்டோம். டிசம்பரில் ஒவ்வொருவரும் வரும் வருடத்துக்குத் தங்களுக்கு முக்கியமான இரண்டு நாளைப் போடலாம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் அப்பாவின் திவசத்தைப் போட்டார். இன்னொருவர் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நாளைப் போட்டார். கணவர் கிறிஸ்தவர் என்பதால் கிறிஸ்மஸையும் தீபாவளியையும் போட்டவர் இருக்கிறார், முன்பு அவர் ஒவ்வொரு டிசம்பரிலும் விளக்கம் சொல்லிக் களைத்துப்போவார்.

தீராத சிக்கல் சீனியர்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் அனுபவமுள்ள ஒருவராவது நிற்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது, நோயாளியின் உயிர். எங்களில் அப்படி ஐந்து பேர்தான். அதனால் அவர்களுடைய புள்ளி எப்போதும் மேலே, குறையவே குறையாது, 40 தாண்டிய பிறகு அந்த எண்ணுக்கு என்ன பெறுமதி என்று ஒரு அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதைக்கு அவர்கள் மூன்று நாள் போடலாம் என்று வைத்திருக்கிறோம். அதுவும் போதாது. வட்ஸ்அப்பில் கைமாறிவிட்டு ஷீட்டில் எழுதாமல் விடுகிற பழக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை, இரண்டு புள்ளிக்காக ஒரு வாரம் கதைக்காமல் இருந்தவர்களும் உண்டு.

அப்படியிருந்தும் பென்சில் ரோஸ்டருக்குத் திரும்பிப் போக இங்கே ஒருவரும் விரும்பமாட்டார்கள். கோபம் வந்தால் ஷீட்டைத் திறந்து காட்டிச் சண்டை பிடிக்கலாம், யாருக்கு யார் சொந்தம் என்று குசுகுசுக்கத் தேவையில்லை.

2026க்கான ஷீட்டைப் போன கிழமை திறந்தோம். இதுவரை 12 பேர் தங்கள் நாட்களைப் போட்டிருக்கிறார்கள். அதில் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14 ஏழு தடவை இருக்கிறது.