ஏழரை மணி நாட்டு நடப்பு நிகழ்ச்சி: எந்த நாளில் கேட்கலாம்

கிளிநொச்சிப் பக்கம் காலை ஏழரைக்கு ரேடியோவைப் போட்டால் வருகிற நாட்டு நடப்புக் கலந்துரையாடலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் தேவையில்லை, இங்கே கேட்கிறவர்களுக்கு எது என்று விளங்கும். கிழமையில் ஐந்து நாள், ஒரு மணித்தியாலம், இரண்டு அறிவிப்பாளர்கள், இணைப்பில் விருந்தினர், பிறகு நேயர் அழைப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாளே இருந்து யோசித்துச் செய்கிற நாளில் இது அருமையான நிகழ்ச்சி. விடிந்தபிறகு பத்திரிகையைப் பிரித்துத் தலைப்புத் தேடுகிற நாளில் அரை மணித்தியாலத்துக்கு மேல் கேட்க ஏலாது.

சிறுபோக நெற்செய்கையை, அதாவது கோடைக்கால விதைப்பை, முடிவு செய்கிற கூட்டத்துக்கு முந்திய கிழமை இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்து அதிகாரி ஒருவரும் கமக்காரர் அமைப்பில் இருந்து ஒருவரும் இணைப்பில். வழமையாக இப்படியான நாளில் குளம் கட்டத் தொடங்கியது 1902, முடித்தது 1920 என்று வரலாறு சொல்லியே பாதி நேரம் போய்விடும். அன்றைக்கு அறிவிப்பாளர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: இன்றைக்குக் குளத்தில் எத்தனை அடி, அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், பங்கு யார் யாருக்கு? கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருந்தார். அதிகாரி சுற்றி வளைத்தபோது "ஐயா, அடியைச் சொல்லுங்கோ" என்று மரியாதையாகத் திரும்பவும் கேட்டார். அப்புறம் வட்டக்கச்சியில் இருந்து ஒரு அம்மா எடுத்தா. "தண்ணி திறந்தா முதல் வயலுக்கு அண்டைக்கே வந்திடும், எங்கட வயல் வாய்க்கால் கடைசியில கிடக்கு, எங்களுக்கு எத்தினையாம் நாள் வரும் எண்டு சொல்லுங்கோ." அமைப்பில் இருந்து வந்தவர் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஒழுங்கை ஆறுதலாக விளங்கப்படுத்தினார். யாரோ ஒருவர் முதல் நாளே அந்த இரண்டு பேரையும் பிடித்து, இன்னது கேட்போம், கணக்கோடு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்காவிட்டால் இப்படி அமைந்திருக்காது. அந்த ஆளுக்குத்தான் என் முழுப் பாராட்டும், குரல் வளத்துக்கு இல்லை.

எதிர்மாறான நாளையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட காணி வர்த்தமானி, அதாவது அரசாங்க அறிவித்தல், எல்லோருக்கும் நினைவிருக்கும். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர், உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி. பட்டியலில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இருந்தன. யுத்தத்தில் ஊர் ஊராக ஓடித் திரிந்ததில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு, அப்பாவின் பேரில் இருந்த காணிக்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் இங்கே எத்தனை! நிகழ்ச்சியில் என்ன செய்தார்கள் என்றால், இரண்டு கட்சிக்காரரைக் கூப்பிட்டு ஒருவரை ஒருவர் ஏச விட்டார்கள். எந்தக் கந்தோருக்குப் போவது, உறுதி இல்லாதவர் எதைக் கொண்டு போவது, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை எப்படிக் கோருவது என்று ஒன்றும் வரவில்லை. ஒரு காணிச் சட்டத்தரணியையும் ஒரு கிராம சேவகரையும் இருத்தியிருந்தால் போதும். வர்த்தமானியைப் பிறகு மீளப்பெற்றுவிட்டார்கள், சரி, ஆனால் அதுவரைக்கும் சனம் பதறித் திரிந்தது. யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் இது, செய்தியைக் கேட்டுத்தான் அடுத்த நாள் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்த சனம். எங்களுக்கு ரேடியோவில் சண்டை கேட்டுப் பொழுது போக்கத் தேவையில்லை.

நாட்டு நடப்பு எல்லாம் திடீரென்று வருவதும் இல்லை. பாதியை நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம். தை மாசியில் காலபோக (மழைக்கால நெற்செய்கை) அறுவடை, அதோடு நெல் விலைப் பிரச்சினை. 2025இல் நாடு ரக நெல் கிலோ 120 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது பெப்ரவரியில்தான், அப்போது அறுவடை தொடங்கிவிட்டது. அந்தத் தலைப்பு ஒவ்வொரு வருடமும் வரும், மார்கழியிலேயே பேசினால்தான் பிரயோசனம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல், அந்த நேரம் தண்ணீர், பஸ், சுகாதாரம். கார்த்திகை மார்கழியில் மழை. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரணைமடு வான்கதவு எப்போது திறப்பார்கள், யார் அறிவிப்பார்கள் என்பது கீழே இருக்கிற ஊர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அதை மழை தொடங்கமுதல் பேச வேண்டும்.

இதில் ஒன்றை அவர்கள் நன்றாகச் செய்தார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டத்தின் ஆண்டு நாளில், நேயர் அழைப்பே எடுக்காமல், விளம்பரமும் போடாமல், பேச வந்த தாய்க்கு முழு நேரத்தையும் கொடுத்தார்கள். அவ அழுது நிறுத்தின இடத்தில் அறிவிப்பாளரும் அவசரப்படவில்லை, பாட்டுப் போட்டு மூடவும் இல்லை. அதுவும் முன்கூட்டியே எடுத்த முடிவாகத்தான் இருக்க வேண்டும்.

குறைகள் இன்னும் உண்டு. நேயர் அழைப்பில் நாளாந்தம் அதே குரல்கள். புதுக்குடியிருப்பில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ ஒருவர் எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். புதிதாக எடுப்பவருக்கு முதல் பத்து நிமிடத்தை ஒதுக்கினால் என்ன? அடுத்தது, அதிகாரிகள் "பார்த்துச் சொல்கிறோம்" என்றால் அதோடு விட்டுவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மாதத் தொடக்கத்தில் இரண்டு விண்ணப்பம் போட்டு வைத்தால் மாதக் கடைசியில் கையில் கடதாசியோடு கேள்வி கேட்கலாம். ஒரு வீதி ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கு ஊகம் சொல்ல வேண்டி வராது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு: இரவுச் செய்தி முடிந்ததும் நாளைய தலைப்பை அறிவிப்பார்கள். வருகிற ஆளின் பெயரோடும் ஒரு குறிப்பான கேள்வியோடும் அறிவித்தால் கட்டாயம் கேளுங்கள். "சமகால அரசியல்" என்று மட்டும் சொன்னால் அடுத்த நாள் உங்கள் வேலையைப் பாருங்கள். நிகழ்ச்சிக்காரருக்கும் ஒன்று: ஏழரைக்கு வயலில் நிற்கிறவர்கள்தான் தண்ணீரைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கேட்க வேண்டியவர்கள். பின்னேரம் ஆறரைக்கு மறு ஒலிபரப்புப் போடுங்கள், அந்த நேரத்துக்கும் ஒரு தொலைபேசி இணைப்பைத் திறந்து வையுங்கள்.