ஜூன்ஸ் ஜர்னியா, எனிக்மாட்டிஸா?

மறைந்திருக்கும் பொருள்களைத் தேடியபடியே மர்மத்தைத் துலக்கும் விளையாட்டுகளில், நேரம் குறைந்தவர்கள் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுப்பது, பெர்லினைச் சேர்ந்த வூகா நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘ஜூன்ஸ் ஜர்னி’. 1920-களில் தன் சகோதரியின் மரணத்தை ஆராயும் ஜூன் பார்க்கரின் கதையான இதைப் பணம் கட்டாமலே தொடங்கலாம். ஒரு காட்சி ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கதை நகர வேண்டுமானால், ஏற்கெனவே தேடிய அறையையே மீண்டும் மீண்டும் தேடி நட்சத்திரங்களைச் சேர்க்க வேண்டும். விளையாட்டுக்குள் நமக்குக் கிடைக்கும் தீவை அலங்கரித்துப் பூக்களைப் பெற வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் செலவாகும் ஆற்றல் தீர்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டும், இல்லையேல் பணம் செலுத்த வேண்டும். நேரமில்லாதவரிடமே நேரத்தைக் கேட்கும் இந்த ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை.

இதற்கு மாறாக, போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ‘எனிக்மாட்டிஸ்: தி கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் கிரீக்’ ஒருமுறை வாங்கினால் முழுமையாக நம்முடையது, சில மணி நேரத்தில் கதையும் முடிந்துவிடும். காணாமற்போன சிறுமியைத் தேடிச் செல்லும் துப்பறிவாளர் கண்டெடுக்கும் தடயங்களைச் சுவர்ப்பலகையில் பொருத்தி, எது எதனோடு தொடர்புடையது என்று நாமே முடிச்சுப்போடுகிறோம். சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பினாலும், அந்தப் பலகையை ஒருமுறை பார்த்தாலே விட்ட இடம் பிடிபட்டுவிடும். புதிர்கள் பல இடங்களுக்கு அலையவைப்பதால், ஐந்தே நிமிடம் கையிலிருக்கும்போது மட்டும் இதைத் திறக்க வேண்டாம்.