சின்ன வீலுக்கு மாறப் போகிறவர்கள் படிக்கவும்: பேசியது ஒரு டயர், போட்டது வேறு டயர்

என் காரின் 18 அங்குல வீல்களைக் கழற்றிவிட்டு 16 அங்குலம் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு டயர் கடை, பேசிய அளவில் டயர் போடவில்லை. பொருந்தாத வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு வளையம்) வைத்து முடுக்கி, ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கையில் கொடுத்தது. பணம் போனதைவிட, அந்த நிலையில் குடும்பத்தை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. வண்டி மெத்தென்று ஓட வேண்டும் என்று சின்ன வீலுக்கு மாற நினைக்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

காரோடு வந்த டயர் 225/45 ஆர் 18. பார்க்க எடுப்பாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் சிரமம். சாலையில் ஒட்டுப்போட்ட இடம் வந்தால்கூட இடுப்பில் தெரியும். அம்மாவுக்கு முதுகெலும்பில் தேய்மானம். பின் சீட்டில் கொஞ்ச தூரம் வந்தாலே இறங்கி நின்றுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீலை மாற்றலாம் என்று முடிவெடுத்தது அதற்காகத்தான்.

அந்த எண்களின் கணக்கு தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்பது புரியும். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது சுமார் 101 மி.மீ. கடைசியில் வரும் 18, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்குவது இந்தப் பக்கச்சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் மிச்சம்தான் போகிறது. ரிம்மைச் சிறிதாக்கி, மிச்சமாகும் உயரத்தைப் பக்கச்சுவருக்குக் கொடுத்தால் குலுங்கல் குறையும். ஒரே நிபந்தனை, டயரின் வெளிவிட்டம் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். என் பழைய டயரின் வெளிவிட்டம் 660 மி.மீ. அளவில் இருந்தது.

கடையில் நான் முதலில் கேட்டது 17 அங்குலத்தில் 225/50. காரின் கையேட்டிலேயே கொடுக்கப்பட்ட அளவு அது. கடைக்காரர் சிரித்தார். "ஒரு இஞ்ச் இறக்கினா என்ன சார் தெரியப் போகுது? 16 போடுங்க, மெத்தை மாதிரி இருக்கும்" என்றார். எந்த அளவு டயர் என்று கேட்டேன். 215/60 ஆர் 16, வெளிவிட்டம் மாறாது என்றார். அது சரியான பதில்தான். அந்த டயரின் பக்கச்சுவர் 129 மி.மீ., வெளிவிட்டம் 664 மி.மீ. பழையதற்கும் இதற்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வீலில் இடிக்காதா என்று கேட்டதற்கு, "இதே மாடலுக்கு நிறைய போட்டிருக்கோம்" என்றார். பழைய வீல்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். கணக்குத் தெரிந்து பேசுகிறாரே என்று நம்பிக் கொடுத்தேன்.

போட்டிருந்தது 205/55 ஆர் 16.

வண்டியைக் கழுவும்போது டயரில் அடித்திருந்த கருப்புப் பாலிஷ் போனதும்தான் எண் தெளிவாகத் தெரிந்தது. ரசீதை எடுத்துப் பார்த்தால் "16 இஞ்ச் அலாய், டயர் செட்" என்று மட்டும் இருந்தது. அளவு எங்கேயும் இல்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். 205-இல் 55 சதவீதம் சுமார் 113 மி.மீ. நான் முதலில் கேட்ட 17 அங்குல டயரின் பக்கச்சுவரும் அதே 113 மி.மீ.தான். ஆக, ரிம் இரண்டு அங்குலம் இறங்கியது, மெத்தை கூடியது ஒரு அங்குலத்துக்கு உண்டானதுதான். மிச்சம் எங்கே போனது என்றால் காரின் உயரத்தில் போனது. வெளிவிட்டம் 632 மி.மீ. ஆகிவிட்டது. கார் தரையை நோக்கி 14 மி.மீ. இறங்கிவிட்டது. முன்பு உரசாமல் தாண்டிய வேகத்தடைகளில் அடிவயிறு உரசத் தொடங்கியது அதனால்தான். வேகமானியும் பழையபடி இல்லை. சக்கரம் நான்கு சதவீதம் சிறிதாகிவிட்டதால் முள் உண்மை வேகத்தைவிட இன்னும் கூட்டிக் காட்டுகிறது. ஓடாத கிலோமீட்டர் எல்லாம் ஓடியதாகப் பதிவாகிறது.

ஏன் அந்த அளவைப் போட்டார்கள்? 205/55 ஆர் 16 மிக அதிகமாக விற்கும் டயர் அளவுகளில் ஒன்று. கடையில் எப்போதும் அடுக்கிவைத்திருப்பார்கள். 215/60 வரவழைக்க வேண்டியிருந்திருக்கும். எனக்குத் தெரிந்து வேறு காரணமே இல்லை.

இதில் இன்னொன்று, பலரும் பார்க்காதது. டயர் அளவுக்குப் பக்கத்தில் 91, 95 என்று ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், ஒரு டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான குறியீடு. 95 என்றால் 690 கிலோ. 91 என்றால் 615 கிலோ. என் பழைய டயரில் இருந்தது 95, இவர்கள் போட்டது 91. நான்கு டயருக்கும் சேர்த்தால் 300 கிலோ குறைவு. ஆட்களும் சாமான்களுமாக நிறைத்துக்கொண்டு வெயிலில் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு இது சின்ன விஷயமே இல்லை. பக்கத்தில் உள்ள எழுத்து வேக வரம்பு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240. அதிலும் கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது.

இது எல்லாம் தெரிவதற்கு முன்பே வண்டி என்னவோ செய்துகொண்டிருந்தது. 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். பிரேக் பிடித்துத் திரும்பும்போது முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். கடைக்குப் போனேன். "புது டயர் சார், ஓடி ஓடிப் பழகிடும்" என்றார்கள். அடுத்து போனபோது அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்க வேண்டும் என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்தார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங்கையும் (வீலின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது), ரிம்மின் கோணலையும், வீலை மாட்டும் மையப் பகுதியான ஹப்பில் அது நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நடுக்கம் என்று சொன்ன உடனே அலைன்மென்ட் என்கிற கடையில் கொஞ்சம் நிதானியுங்கள்.

வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. முன் வீலைக் கழற்றுவதற்கு நட்டைச் சுற்றினார், சில சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. அவர் முகம் மாறிவிட்டது. வீலை எடுத்தால் பின்னால் ஸ்பேசர். அந்த 16 அங்குல வீலின் ஆரங்கள் காலிப்பரில் இடித்திருக்கின்றன. அதைத் தவிர்க்க ஒரு தட்டு வளையத்தைச் செருகி வீலை வெளியே தள்ளியிருக்கிறார்கள். ஆனால் நட் ஏறும் திருகுத்தண்டான ஸ்டட்டின் நீளம் பழையதுதானே? ஸ்பேசர் எத்தனை மி.மீ. தடிமனோ, நட் பிடிக்கும் மரை அத்தனை மி.மீ. குறைந்துவிடும். 12 மி.மீ. தடிமனுள்ள ஸ்டட்டில் நட் குறைந்தது 12 மி.மீ. நீளத்துக்காவது ஏறியிருக்க வேண்டும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களின் கணக்கு. ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் மரை என்றால் எட்டுச் சுற்று. எனக்கு அதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. கார் ஓடும்போது அந்தப் பக்கத்து வீலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான்.

நடுக்கத்துக்கும் அந்தத் தட்டுதான் காரணம். ஹப்பின் நடுவே சற்றுத் துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். வீலின் நடுத்துளை அதில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் வீல் மையத்தில் சுற்றும். ஸ்பேசர் அந்த விளிம்பை மூடிவிட்டது. போதாததற்கு வீலின் நடுத்துளையும் என் ஹப்பைவிடப் பெரியது. அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் போடவே இல்லை. கரகர சத்தம், ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருந்த பேலன்சிங் எடைகள் காலிப்பரில் உரசியது. ரிம்மின் உட்சுவரில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. காற்று வேறு 40 பிஎஸ்ஐ அடித்து அனுப்பியிருந்தார்கள். கதவோர ஸ்டிக்கரில் இருப்பது 33. கிடைத்த கொஞ்சம் மெத்தையையும் அதுவே தின்றுவிட்டது.

படங்களோடு கடைக்குப் போனால், "ஸ்பேசர் எல்லாரும் போடுறதுதான்" என்று பதில். 215/60 என்று தான் சொல்லவே இல்லை என்றும் சொன்னார். பழைய வீல்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். விற்றுவிட்டார்களாம். டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் சென்சார்கள் அந்த வீல்களுக்குள்ளேயே இருந்தன, அவையும் போயிற்று. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்ததற்கு "அதைக் கண்டுக்காதீங்க" என்று சொல்லியிருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுத்தில் கொடுத்த பிறகு, வீலையும் டயரையும் பழைய பொருள் கணக்கில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கொடுத்ததில் பாதிகூட வரவில்லை. அளவு எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போராட முடியவில்லை.

பிறகு வேறு இடத்தில் 17 அங்குல வீலும் 225/50 டயரும் போட்டேன், சுமைக் குறியீட்டையும் பார்த்து வாங்கினேன். ஸ்பேசர் இல்லை, நடுத்துளைக்கு வளையம் உண்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கினார்கள், நூறு கிலோமீட்டருக்குள் வந்து மறுபடி சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பக்கச்சுவர் 11 மி.மீ.தான் கூடியது, காற்று ஸ்டிக்கரில் உள்ளபடி. அம்மா இப்போது மறுப்பு சொல்லாமல் வருகிறார். அந்தக் கடைக்காரர் ஒரு இஞ்சில் என்ன தெரியப் போகிறது என்று கேட்டாரே, நன்றாகவே தெரிகிறது.

மாற்றப் போகிறவர்கள் வீலுக்குப் பணம் கொடுக்கும் முன்பே காற்றழுத்தத்தை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஷாக் அப்சார்பர் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காரில் இருப்பது ரன்ஃபிளாட் டயர் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) என்றால் அதன் பக்கச்சுவரே விறைப்பாகச் செய்யப்பட்டது. வீலை விட்டுவிட்டுச் சாதாரண டயர் போட்டாலே குலுங்கல் குறையலாம், ஆனால் ஸ்டெப்னிக்கு வழி செய்துகொள்ள வேண்டும். வீல்தான் என்று முடிவானால், கையேட்டில் உங்கள் மாடலுக்கு எழுதியிருக்கும் மிகச் சிறிய அளவுக்குக் கீழே போக வேண்டாம். அந்த அளவு பெரும்பாலும் காலிப்பரை மனதில் வைத்துச் சொன்னது. ரசீதில் டயரின் முழு அளவு, சுமைக் குறியீடு, ரிம்மின் அகலம், ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு), தயாரித்த வாரம் எல்லாம் எழுதி வாங்குங்கள். டயரில் டாட் என்ற குறிக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் அந்த வாரம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டயர் ஏற்றாத வெறும் ரிம்மை முன்பக்கம் மாட்டி, கையால் முழுச் சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடை வேண்டாம். பழைய வீல்களைக் கொஞ்ச காலமாவது வீட்டில் ஒரு மூலையில் வைத்திருங்கள். சென்சாரை எடுத்துக்கொள்ளாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். என்னிடமிருந்து திரும்பப் போன அந்த நான்கு 16 அங்குல வீல்களும் உரசிய கோட்டின் மேல் பெயிண்ட் அடிக்கப்பட்டு யாருக்காவது விற்கப்படும் என்றே நினைக்கிறேன். பழைய அலாய் வீல் செட் வாங்குகிறவர்கள் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வீலைக் கவிழ்த்து உட்சுவரைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமான கோடு தட்டுப்பட்டாலும், அங்கே மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலும் அந்த செட் வேண்டாம்.