பழைய லீஃபா, புது எல்எஃப்பியா? கொழும்பு வெக்கைக்கு எந்த பட்டரி

வெள்ளவத்தை மாமா போன கிழமை கேட்டவர், "தம்பி, பழைய லீஃப் ஒண்டு எடுக்கட்டா, இல்லாட்டி இன்னும் காசு போட்டு சீனாக் கார் எடுக்கட்டா" எண்டு. லீஃப் எண்டது நிசானின்ர கரண்ட் கார், அவர் பாத்த சீனாக் காரில இருக்கிறது எல்எஃப்பி எண்ட வகை பட்டரி. காரை விட்டுட்டு பட்டரியைப் பாருங்கோ மாமா எண்டு சொன்னன்.

2010 கடைசியில வந்த முதல் லீஃபில 24 கிலோவாட் மணி பட்டரி, அமெரிக்க டெஸ்டில புதுசிலயே ஒரு ஃபுல் சார்ஜுக்கு 117 கிலோமீற்றர்தான். அந்த பட்டரியை ஆத்த தண்ணி லைனும் இல்லை ஏசி லைனும் இல்லை, தானா ஆறவேணும். 2012ல அரிசோனா வெயிலில ஓடின கார்களில கொள்ளளவு கெதியா குறைஞ்சு பெரிய பிரச்சினையாகி, பிறகுதான் நிசான் வெக்கை தாங்கிற செல்லுக்கு மாறினது. இங்கயும் ராத்திரியில கூட வெக்கை இறங்காது, மத்தியானம் காலி வீதி ட்ரஃபிக்கில நிண்டுட்டு வந்த கையோட ஃபாஸ்ட் சார்ஜ் போட்டா அந்த பட்டரி எப்ப ஆறும்?

பாக்கப் போனா மீற்றரில வலது கரையில இருக்கிற சின்னக் கட்டங்களை எண்ணுங்கோ. 12 இருக்கவேணும். முதல் கட்டம் போனாலே 15 வீதம் போச்சு, 8 தான் இருக்கெண்டா மூண்டில ஒரு பங்கு கிட்ட போச்சு. அந்தக் கணக்கை ரீசெட் பண்ணவும் ஏலும், அதால கட்டத்தை மட்டும் நம்பவேண்டாம். பட்டரியின்ர நிலையைக் காட்டுற லீஃப் ஸ்பை ஆப் போட்டு ஹெல்த் எத்தினை வீதம் எண்டு பாக்காம அட்வான்ஸ் குடுக்கவே வேண்டாம்.

மற்றப் பக்கம் எல்எஃப்பி, இரும்பு பொஸ்பேட். நிக்கலும் கோபால்ட்டும் இல்லை, அதே தூரத்துக்கு பாரம் கூட, ஆனா சூட்டில லேசில நெருப்புப் பிடிக்காது, ஏத்தி இறக்கிற சார்ஜ் சுத்தும் கனக்கத் தாங்கும். சீனாக் கொம்பனி பிவைடி 2020ல கொண்டுவந்த பிளேட் பட்டரி இந்த வகைதான், அவையின்ர அட்டோ 3 காரில 49.92, 60.48 கிலோவாட் மணி எண்டு ரெண்டு சைஸ், ஏசி கேஸே பட்டரியையும் குளிர வைக்கும். எனக்கு இந்த ஒரு விசயமே போதும்.

பழக்கமும் வேற. லீஃபை 80 வீதத்தோட நிப்பாட்டினா நல்லம். எல்எஃப்பியை கிழமைக்கு ஒருக்கா 100க்கு ஏத்தவேணும், வோல்டேஜ் கனநேரம் ஒரே மட்டத்தில நிக்கிறதால இல்லாட்டி மீற்றர் வீதத்தைப் பிழையாக் காட்டும்.

சோடியம் பட்டரி வருது எண்டு காத்திருக்கவேண்டாம், சீனாப் பட்டரிக் கொம்பனி சிஏடிஎல் 2021லயே அறிவிச்சும் கொழும்பில எடுக்கிற மாதிரி இன்னும் வரேல்லை.

டவுனுக்குள்ள மட்டும் ஓட, 10 கட்டத்துக்கு மேல இருந்தா லீஃப் எடுக்கலாம். மாமாவோ வருசத்துக்கு ரெண்டு தரம் யாழ்ப்பாணம் போறவர், 400 கிலோமீற்றர், அவருக்கு எல்எஃப்பிதான். முதல்ல அவரின்ர ஃப்ளாட் பேஸ்மென்டில ப்ளக் போட கமிட்டி விடுமோ எண்டு கேக்கச் சொல்லியிருக்கிறன்.