உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்: ஆறு மாதம் கழித்து

எனக்குக் கீழக்கரையில் வீடு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, பவளத் தொட்டிக்கு (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் தொட்டி) உப்புத்தண்ணீரா கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கார்த்திகை மழை ஓய்ந்த வாரம் இரண்டு குடம் மொண்டு வந்து, 1,350 ரூபாய்க்கு வாங்கிய இந்தக் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 29 காட்டியது. வேண்டியது ஆயிரத்துக்கு 35, அதாவது ஆயிரம் கிராம் உப்புத்தண்ணீரில் 35 கிராம் உப்பு. சரி என்று ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலவை கரைக்கத் தொடங்கினேன்.

பேட்டரி வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் காய்ச்சி வடித்த நீரில் சுழியம் வைக்கச் சொல்கிறது கூட வந்த தாள். அப்படிச் செய்ததில் 2 புள்ளி கூடுதலாகக் காட்டியது. உப்பு சரியாக 35 இருக்கும் அளவுத் திரவம் தனியே வாங்கித்தான் திருத்தினேன். அதைப் பெட்டியிலேயே வைத்துத் தந்திருக்க வேண்டும்.

இதன் அருமை சித்திரையில்தான் தெரிந்தது. 100 லிட்டர் தொட்டியில் தினமும் இரண்டு லிட்டர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். காலையில் அளந்து நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இறங்க ஐந்து வாரம் காத்திருந்து விட்ட கோமாளி மீன் ஜோடி நன்றாக இருக்கிறது.

தொட்டியில் கல் எல்லாம் செயற்கைக் கல். தங்கை மகன் கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு கொண்டு வந்தான். கல் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வா தம்பி என்று அனுப்பினேன்.

அப்புறம், அளந்ததும் கருவியின் கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இல்லையென்றால் உப்புப் பூத்துவிடும்.