பொறிவண்டா, கண்ணாடி இறக்கைப் பூச்சியா?

அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி மொய்த்த பயிருக்கு, அதைத் தின்னும் எந்த இரைவிழுங்கிப் பூச்சியை விடலாம் என்று கேட்டால், பலர் வாயிலும் முதலில் வருவது பொறிவண்டுதான். சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி, தெரிந்த முகம். ஆனால் காசு கொடுத்து வாங்கி விடுவதென்றால் நான் கண்ணாடி இறக்கைப் பூச்சியைத்தான் எடுப்பேன்.

பொறிவண்டில் புழு, வண்டு இரண்டுமே அசுவினியைத் தின்னும். அதில் குறையே இல்லை. சிக்கல் இறக்கையில் இருக்கிறது. குளிர் உறக்கத்தில் கூட்டமாகக் கிடந்ததை அள்ளிவந்து விற்கும் வண்டுகளைத் திறந்தவெளியில் விட்டால், சில நாளிலேயே பெரும்பாலானவை கிளம்பிவிடும். நம் காசில் பக்கத்து வயலுக்கு விருந்து!

கண்ணாடி இறக்கைப் பூச்சி நேர்மாறு. வயல்களில் அதிகம் விடப்படும் கிரைசோபெர்லா இனத்தில் வளர்ந்த பூச்சி சைவம். மகரந்தம், தேன், அசுவினி கழிக்கும் இனிப்பு நீர் போதும். வேட்டையெல்லாம் புழுப் பருவத்தில்தான். புழுவுக்கு ஏது இறக்கை? விட்ட செடியிலும் அதையொட்டிய செடிகளிலும் இரண்டு மூன்று வாரம் மேயும். அரிவாள் மாதிரியான இரண்டு கொடுக்கால் அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சும். கடைசியில் வெறும் தோல் கீழே விழும். இலைப்பேன், வெள்ளை ஈக் குஞ்சு, அந்துப்பூச்சி முட்டை என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். கிடைக்காவிட்டால் உடன்பிறப்பையும்! தாய்ப்பூச்சி ஒவ்வொரு முட்டையையும் முடி போன்ற காம்பின் நுனியில் தனித்தனியாக வைப்பதே அதனால்தான். ஆகவே புழுக்கள் வந்த அன்றே சாயங்காலம் பரவலாகத் தூவிவிடுங்கள். டப்பாவிலேயே விட்டு வைத்தால் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

மாவுப்பூச்சி என்றால் என் கட்சி மாறிவிடும். அங்கே கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டுதான் ராஜா, குளிர் அதிகமில்லாத வரை. அதன் புழுவும் வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு மாவுப்பூச்சி போலவே இருப்பதால், தெரியாமல் நசுக்கிவிடுகிறவர்கள் உண்டு. மாவுப்பூச்சியை விடப் பெரிதாக, வேகமாக ஓடுகிறதா? கை வைக்காதீர்கள். குறிப்பிட்ட ஓர் இரைக்கென்றே அமைந்த பொறிவண்டின் பலம் 1888-89லேயே தெரிந்துவிட்டது. பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெல் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய சில நூறு ரோடோலியா பொறிவண்டுகள் பெருகி, கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துவந்த செதில் பூச்சியை அடக்கின.

காய்ப்புழுவுக்கு இந்த இரண்டையும் நம்பி உட்கார வேண்டாம். காய்க்குள் போய்விட்ட புழுவை இவை தொடாது. முட்டையிலேயே ஒழிக்கிற டிரைக்கோகிரம்மா குளவிதான் அதற்குச் சரி. அது ஒட்டுண்ணி, வேறு கணக்கு.

எதை வாங்கினாலும் முதலில் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இனிப்பு நீருக்காக அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் அது காவல் நிற்கும். நீங்கள் விட்ட புழுவைக் கடித்து விரட்டும். எறும்பின் வழியை அடைத்த பிறகு டப்பாவைத் திறங்கள்.